பொது ஃப்யூஸைப் பிடுங்கும் முன்: பகிர்ந்த பிசிஐ கார்டுக்கு ரீசெட் இடைமுகம்

பிசிஐ என்ற விரிவாக்கக் கார்டு இணைப்பில் செருகிய, இரண்டு போர்ட் உள்ள ஒரு நெட்வொர்க் கார்டு. லினக்ஸ் கண்ணுக்கு அது 03:00.0, 03:00.1 என்று இரண்டு தனித்தனி சாதனம். முதலாவதை ஒரு விஎம்முக்கும் (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) இரண்டாவதை இன்னொரு விஎம்முக்கும் கொடுத்தாயிற்று. முதல் விஎம் தொங்கிப்போய் மறுபடி பூட் ஆகிறது. கார்டைப் பழைய குப்பை இல்லாத நிலைக்குக் கொண்டுவர ஹோஸ்ட், அதாவது விஎம்களை ஓட்டும் கணினி, ரீசெட் அடித்தாக வேண்டும். ஆனால் இந்தக் கார்டில் ஒரு ஃபங்ஷனை (அந்த இரண்டில் ஒன்றை) மட்டும் ரீசெட் செய்யும் வசதி கிடையாது. மேலே இருக்கும் பிரிட்ஜில் (கார்டைக் கணினியோடு இணைக்கும் பாலம்) ஒரு பிட்டைத் தட்டினால்தான் உண்டு.

தட்டினால் இரண்டாவது விஎம் என்ன ஆகும்? அந்த நொடியில் அது கார்டின் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரை (கார்டுக்குள் இருக்கும் சிறு பதிவிடம்) படித்துக்கொண்டிருக்கும். 32 பிட்டும் 1 ஆகத் திரும்பி வரும். நன்றாக எழுதிய டிரைவர் என்றால் கார்டு போய்விட்டது என்று புரிந்துகொண்டு நிற்கும். இல்லையென்றால் அந்த எண்ணையே வரிசையின் நிலையாக எடுத்துக்கொண்டு நினைவகத்தில் எங்கேயோ போய்க் கைவைக்கும். தவறே செய்யாத விஎம் விழுந்துவிடும். அதன் லாகில் (பதிவேட்டில்) காரணமும் இருக்காது.

அபார்ட்மெண்டில் ஒரு வீட்டு ஃபேனைப் பார்க்கக் கீழே மீட்டர் பெட்டியில் பொது ஃப்யூஸைப் பிடுங்குவது போன்ற வேலை இது. பிடுங்கலாம். எந்தெந்த வீடு இருளும் என்று தெரிந்திருக்க வேண்டும், அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் சம்மதித்திருக்க வேண்டும். ரீசெட் எவ்வளவு தூரம் பாயும் என்பதை வன்பொருள்தான் முடிவு செய்கிறது. கூப்பிடுபவர் கையில் எந்த ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்து வைத்திருக்கும் கோப்புக்கோ சாதனத்துக்கோ உள்ள கைப்பிடி) இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இடைமுகத்தில் எடுக்கும் முடிவுகள் எல்லாமே இந்த ஒரு இடைவெளியை அடைப்பதற்காகத்தான்.

எது எவ்வளவு தூரம் பாயும்

எஃப்எல்ஆர் எனப்படும் ஃபங்ஷன் அளவிலான ரீசெட்தான் முதல் தேர்வு. டிவைஸ் கேப்பபிலிட்டீஸ் ரெஜிஸ்டரின் 28ஆம் பிட் 1 என்றால் வசதி உண்டு. டிவைஸ் கண்ட்ரோல் ரெஜிஸ்டரின் 15ஆம் பிட்டில் 1 எழுதினால் தொடங்கும், 100 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. பக்கத்து ஃபங்ஷனைத் தொடாது. இது ஒழுங்காக வேலை செய்தால் பகிர்வுப் பிரச்சினையே எழாது. ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை இரட்டை ‘வி’ போட்டு ஓட்டினால் ‘எஃப்எல்ரீசெட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கிறதா கழித்தல் குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். கூட்டல் குறி இருந்தும் ஒழுங்காக ரீசெட் ஆகாத கார்டுகள் உண்டு. லினக்ஸின் மையமான கெர்னலின் குவர்க் பட்டியலில் (குறையுள்ள வன்பொருளுக்கான விதிவிலக்குகள்) அப்படிப்பட்டவை பல இருக்கின்றன.

அடுத்தது மின்சேமிப்பு வழி. சாதனத்தை டி3 என்ற தூக்க நிலைக்கு இறக்கி மறுபடி டி0 என்ற விழிப்பு நிலைக்கு ஏற்றினால் சில கார்டுகள் உள்நிலையை மறந்துவிடும். ‘நோ சாஃப்ட் ரீசெட்’ என்ற பிட் 0 ஆக இருந்தால்தான் இது ரீசெட். அந்த பிட் 1 என்றால் ஏறி இறங்கியதில் ஒன்றும் மாறவில்லை என்று கார்டே சொல்கிறது.

மூன்றாவது பஸ் (சாதனங்கள் பகிரும் இணைப்புத் தடம்) ரீசெட். பிரிட்ஜ் கண்ட்ரோல் ரெஜிஸ்டரின் 6ஆம் பிட்டை ஏற்றி, சற்றுப் பிடித்து, இறக்குவது. அந்தப் பிரிட்ஜுக்குக் கீழே உள்ள அத்தனை சாதனமும் விழுந்து எழும். வலுவானது, நம்பகமானது, கண்மூடித்தனமானது. ரூட் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கும் சாதனத்துக்கு இது இல்லை, ஏனென்றால் தட்டுவதற்கு மேலே பிரிட்ஜ் இல்லை. பஸ் ரீசெட் அடித்தால் லிங்க் மறுபடி எழும்பாமலே போகும் சில வயர்லெஸ் சிப்புகளும் உண்டு; அவற்றுக்குக் கெர்னலில் தடைக்கொடி போட்டு வைத்திருக்கிறார்கள்.

சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் அடைவிலும் ‘ரீசெட்’ என்ற கோப்பு இருக்கும், கெர்னலுக்கு ஏதாவது ஒரு வழி தெரிந்திருந்தால். அதில் 1 எழுதினால் சாதனத்துக்கே உரிய தனி வழி, ஏசிபிஐ (ஃபர்ம்வேர் தரும் வழி), எஃப்எல்ஆர், பழைய பிசிஐக்கான எஃப்எல்ஆர், மின்சேமிப்பு, கடைசியாக பஸ் என்ற வரிசையில் போகும். 2021இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து இந்த வரிசையை நாமே மாற்ற ‘ரீசெட் மெதட்’ என்ற கோப்பும் உண்டு. இந்தக் கோப்பு வழியில் பஸ் ரீசெட்டுக்குப் போனால், அதே பஸ்ஸில் இன்னொரு சாதனம் இருந்தாலே கெர்னல் மறுத்துவிடும். சரியான முடிவு. ஆனால் இதனால் பல ஃபங்ஷன் உள்ள கார்டுகளுக்கு, குறிப்பாக கிராபிக்ஸ் கார்டுகளுக்கு, வழியே இல்லாமல் போனது. படத்துக்கு .0, எச்டிஎம்ஐ ஒலிக்கு .1 என்று இரண்டும் ஒரே விஎம்மிடம்தான் இருக்கும். இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே, ஆனாலும் ரீசெட் செய்ய முடியாது.

விஎஃப்ஐஓ எடுத்த வழி

சாதனங்களை யூசர்ஸ்பேஸிடம் (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களிடம்) ஒப்படைக்கும் கெர்னல் பகுதியான விஎஃப்ஐஓ 2012இல் 3.6 கெர்னலில் சேர்ந்தது. அதை எழுதிப் பராமரித்த அலெக்ஸ் வில்லியம்சன் அடுத்த ஆண்டு, 3.12 கெர்னலில், பிசிஐ ஹாட் ரீசெட்டுக்காக (பஸ் அல்லது ஸ்லாட் அளவிலான ரீசெட்) இரண்டு ஐஆக்டில் அழைப்புகளை (நிரல் கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் வழி) சேர்த்தார். ஒன்று விசாரிப்பது, இன்னொன்று செய்வது.

முதல் அழைப்பு: இந்தச் சாதனத்தை ஹாட் ரீசெட் செய்தால் யார் யார் விழுவார்கள்? கெர்னல் ஒரு பட்டியல் தருகிறது. ஒவ்வொரு வரியிலும் செக்மெண்ட், பஸ், ஃபங்ஷன் எண், அதோடு ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) குழு எண். பட்டியல் எவ்வளவு நீளம் என்று கூப்பிடுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் சின்ன இடத்தோடு ஒருமுறை கூப்பிட வேண்டும். இடம் போதவில்லை என்ற பிழையோடு எண்ணிக்கை மட்டும் வரும். அந்த அளவுக்கு இடம் ஒதுக்கி மறுபடி கூப்பிட வேண்டும். எண்ணிக்கையை எழுதாமல் பிழையை மட்டும் திருப்பும் இடைமுகத்தை வடிவமைத்தால், பயன்படுத்துபவர்கள் ‘64 போதும்’ என்று ஊகித்து எழுதிவிடுவார்கள். ஒருநாள் 65 வரும்.

இரண்டாவது அழைப்பு: செய். இங்கேதான் விஷயம். சாதன எண்களையோ குழு எண்களையோ கொடுத்தால் கெர்னல் ஏற்காது. அந்தக் குழுக்களின் திறந்த ஃபைல் டிஸ்கிரிப்டர்களைக் கொடுக்க வேண்டும். எண்ணை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். திறந்த டிஸ்கிரிப்டர் கையில் இருப்பவர் அனுமதிச் சோதனை தாண்டி வந்தவர், அதை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர். வீட்டு எண்ணைச் சொல்வதற்கும் சாவியை நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

சாவி கையில் இருக்கும்போதும் கெர்னல் முதல் அழைப்பில் தான் சொன்ன பட்டியலை நம்பக்கூடாது. இரண்டு அழைப்புக்கும் நடுவே யாராவது ஹாட்பிளக் செய்திருக்கலாம் (கணினி ஓடும்போதே கார்டைச் செருகுவது, பிடுங்குவது), ஒரு சாதனத்தை விஎஃப்ஐஓவிலிருந்து கழற்றி ஹோஸ்ட் டிரைவரிடம் கொடுத்திருக்கலாம். இரண்டாவது அழைப்பு பஸ்ஸை மறுபடி நடந்து பார்த்து, லாக்கை (ஒரே நேரத்தில் பலர் கைவைக்காமல் தடுக்கும் பூட்டு) பிடித்த நிலையில், ஒவ்வொரு சாதனத்துக்கும் சொந்தம் சரியா என்று பார்க்க வேண்டும். முதல் அழைப்பு தகவலுக்கு, இரண்டாவதுதான் தீர்ப்பு. முதலில் பார்த்ததை வைத்தே பிறகு செயல்படுவது, இந்த வகை இடைமுகங்களில் நாங்கள் அடிக்கடி கண்ட பிழை.

இன்னொரு சின்ன விஷயம். யூசர்ஸ்பேஸ் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே எடுத்து நினைவகம் ஒதுக்கக்கூடாது. பாதிக்கப்படும் சாதனங்கள் நான்கு என்றால் குழுவும் நான்கைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் சொன்னால் அப்போதே மறுப்பு.

ஐஓஎம்எம்யூ குழுவே இருக்கும்போது தனியாக ஒரு சொந்தச் சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குழு என்பது டிஎம்ஏ (சிபியு வழியாக இல்லாமல் சாதனமே நினைவகத்தைத் தொடுவது) தனிமைப்படுத்தலின் அலகு: யார் யாருடைய நினைவகத்தைத் தொட முடியும் என்ற கேள்விக்கான விடை. ரீசெட்டின் அலகு பஸ்ஸோ ஸ்லாட்டோ. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஃபங்ஷன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் ஏசிஎஸ் வசதி உள்ள கார்டில் ஒவ்வொரு ஃபங்ஷனும் தனிக் குழு. டிஎம்ஏவில் ஒருவரை ஒருவர் எட்ட முடியாது. ஆனால் பஸ் ரீசெட் ஒன்றுதான். ஆரம்பத்தில் சொன்ன இரட்டைப் போர்ட் கார்டு இந்த வகைதான். குழுவை மட்டும் பார்த்து அனுமதித்தால் ஓட்டை அங்கேயே இருக்கிறது.

பத்து ஆண்டு கழித்து, ஐஓஎம்எம்யூஎஃப்டி (ஐஓஎம்எம்யூவைக் கையாளும் புதிய கெர்னல் இடைமுகம்) வந்தபோது குழு டிஸ்கிரிப்டரே தேவையில்லாத வழி உருவானது. அப்போது சாவியாக எதை நீட்டுவது? 2023இல் சேர்ந்த மாற்றம் காலிப் பட்டியலை ஏற்றுக்கொள்கிறது: கூப்பிடும் சாதனம் எந்த ஐஓஎம்எம்யூஎஃப்டி சூழலில் கட்டப்பட்டிருக்கிறதோ, பாதிக்கப்படும் மற்றவையும் அதற்கே சொந்தமா என்று கெர்னலே பார்க்கும். விசாரிக்கும் அழைப்பும் குழு எண்ணுக்குப் பதிலாக சாதன அடையாள எண்ணைத் தரும். சொந்தமில்லாததற்கு எதிர்ம 1. பழைய அமைப்பின் தொடக்கத்தில் அளவுக்கும் கொடிக்கும் இடம் விட்டு வைத்திருந்ததால்தான், பழைய நிரல்களை உடைக்காமல் இதை நுழைக்க முடிந்தது. இடைமுகம் வரையும்போது அந்த இரண்டு 32 பிட் இடமும் வீண் மாதிரித்தான் தெரியும்.

லாக், இன்னும் லாக்

யார் சொந்தம் என்பது தீர்ந்தாலும் ரீசெட் நடக்கும் நேரத்தில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விஎம்முக்குக் கார்டின் ரெஜிஸ்டர் வெளி நேரடியாக மேப் ஆகியிருக்கிறது. விஎம்மின் சிபியு கெர்னலைக் கேட்காமலே படிக்கிறது, எழுதுகிறது. மெமரி டிகோட் (தன் நினைவக முகவரிகளுக்குப் பதில் சொல்லும் வசதி) அணைந்த கார்டைப் படித்தால் பெரும்பாலான டெஸ்க்டாப்களில் எல்லாம் 1 என்று வரும், அவ்வளவுதான். சில சர்வர்களில் அதே படிப்பு ஆதரிக்கப்படாத கோரிக்கை என்ற பிழையாகி, ஃபர்ம்வேர் அதை உயிர்போகும் பிழையாக எடுத்துக்கொண்டு, ஹோஸ்டையே கவிழ்த்துவிடும். சாதாரணப் பயனர் ஒருவர் முழு இயந்திரத்தையும் வீழ்த்த முடியும் என்பதால் இது பாதுகாப்பு ஓட்டையாகவே 2020இல் பதிவானது.

5.8 கெர்னலில் வந்த தீர்வு, சாதனத்துக்கு ஒரு படிப்பு–எழுத்து லாக். ரீசெட்டோ, மெமரி பிட்டை அணைப்பதோ, எழுத்துப் பக்கமாக லாக்கைப் பிடிக்கும். பிடித்ததும் யூசர்ஸ்பேஸ் மேப்புகளை எல்லாம் பிய்த்து எறியும். அதன் பிறகு விஎம் தொட்டால் பேஜ் ஃபால்ட் (மேப் இல்லாத முகவரியைத் தொட்டதால் வரும் குறுக்கீடு) ஆகும். ஃபால்ட் கையாளும் நிரல் படிப்புப் பக்கமாக லாக் கேட்டு நிற்கும். ரீசெட் முடிந்ததும் மேப் தானாகத் திரும்ப உருவாகும். மெமரி பிட் இன்னும் அணைந்திருந்தால் சிக்பஸ் என்ற நினைவகப் பிழைச் சிக்னல்.

ஹாட் ரீசெட்டில் ஒரு லாக் போதாது. பாதிக்கப்படும் எல்லாச் சாதனத்தின் லாக்கும் வேண்டும். 03:00.0, 03:00.1 என்று ஒருவர் பிடிக்க, இன்னொருவர் எதிர் வரிசையில் பிடித்தால் இருவரும் காலத்துக்கும் நிற்பார்கள். அதனால் காத்திருக்காமல் முயன்று மட்டும் பார்க்க வேண்டும்: கிடைத்தால் அடுத்தது, கிடைக்காவிட்டால் இதுவரை பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டு ‘பிஸி’ என்று திரும்பிவிட வேண்டும். கூப்பிட்டவர் மறுபடி முயலட்டும்.

இதே பாடம் பிசிஐ அடித்தளத்திலும் வேறு உருவில் வந்தது. சாதனத்தை டிரைவரிடமிருந்து கழற்றும்போது கெர்னல் சாதன லாக்கைப் பிடித்துக்கொண்டு, யூசர்ஸ்பேஸ் கைவிடக் காத்திருக்கும். யூசர்ஸ்பேஸ் கைவிடும் பாதையில் ரீசெட் இருக்கிறது. ரீசெட்டுக்கு அதே சாதன லாக் வேண்டும். டெட்லாக். 2014இல் முயன்று பார்க்கும் வகை ரீசெட் சேர்ந்தது இதற்காகத்தான். மூடும் பாதையில் ‘கட்டாயம் ரீசெட்’ என்று எழுத ஆசை வரும். எழுதினால் இந்தக் குழியில்தான் விழ வேண்டும்.

தட்டும் அந்த 2 மில்லிசெகண்ட்

வரிசையாகச் சொன்னால் முதலில் சாதனத்தின் டிரைவருக்கு ‘ரீசெட் வருகிறது, தயாராகு’ என்ற அழைப்பு. பிறகு சாதனத்தை டி0 நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தூங்கும் சாதனத்தில் ரெஜிஸ்டர்களைச் சேமிப்பது வீண். அடுத்து நிலையைச் சேமித்து, கமாண்ட் ரெஜிஸ்டரில் இன்டரப்ட் தடை பிட்டை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துவிட வேண்டும். பஸ் மாஸ்டர் அணைந்தால் புது டிஎம்ஏ கிளம்பாது.

எஃப்எல்ஆர் என்றால் ஏற்கெனவே கிளம்பிய பரிமாற்றங்கள் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் 100, 200, 400 மில்லிசெகண்ட் என்று இரட்டித்துக்கொண்டே காத்துப் பார்க்கும். அப்படியும் முடியாவிட்டால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு ரீசெட் அடித்துவிடும். அந்த வரியைக் கண்டால் ரீசெட்டைக் குறை சொல்லாமல், அதற்கு முன் டிரைவர் வரிசைகளை நிறுத்தியதா என்று பாருங்கள்.

பஸ் ரீசெட்டில் பிட்டை ஏற்றியபின் குறைந்தது 1 மில்லிசெகண்ட் பிடிக்க வேண்டும். கெர்னல் அதை இரட்டித்து 2 வைத்திருக்கிறது. இறக்கியபின் 100 மில்லிசெகண்டாவது சும்மா இருக்க வேண்டும். செகண்டுக்கு 5 ஜிகா டிரான்ஸ்ஃபருக்கு மேல் ஓடும் லிங்க் என்றால் இந்த 100 லிங்க் எழும்பியபின் தொடங்குகிறது. பலரும் கோட்டைவிடும் இடம் இது. பிறகும் கார்டு ‘இன்னும் தயாரில்லை, மறுபடி கேள்’ என்ற பதிலைத் தரலாம். விதிப்படி 1 செகண்ட். நடைமுறையில் ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றும் கார்டுகள் அதைத் தாண்டும் என்பதால் லினக்ஸ் 60 செகண்ட் வரை கேட்டுக்கொண்டிருக்கும். 1 செகண்டைத் தாண்டியதும் லாகில் ‘1023 மில்லிசெகண்ட் ஆகியும் தயாரில்லை, காத்திருக்கிறேன்’ என்று எழுதும். உங்கள் ஐஆக்டில் ஒரு நிமிடம் தூங்கக்கூடும் என்று பொருள். விஎம்மை நடத்தும் நிரலின் முக்கியத் திரெட்டிலிருந்து இதைக் கூப்பிட்டால் விஎம்மே உறைந்த மாதிரி இருக்கும்.

திரும்ப எழுதுவதிலும் வரிசை உண்டு. கான்ஃபிக் வெளியின் (கார்டின் அமைப்பு ரெஜிஸ்டர்கள் இருக்கும் இடம்) தலைப்பகுதியில் 32 பிட் அளவில் 16 சொற்கள். கெர்னல் அவற்றைக் கடைசியிலிருந்து தொடங்கி எழுதுகிறது. ‘பார்’ (கார்டின் நினைவகப் பகுதி எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் ரெஜிஸ்டர்) முகவரிகள் முதலில், கமாண்ட் ரெஜிஸ்டர் அதன் பின். மாற்றி எழுதினால் கார்டு முகவரி தெரியாமலே மெமரி டிகோடைத் தொடங்கிவிடும். எம்எஸ்ஐ-எக்ஸ் என்ற இன்டரப்ட் அட்டவணை கான்ஃபிக் வெளியில் இல்லை, கார்டின் ‘பார்’ காட்டும் நினைவகப் பகுதிக்குள் இருக்கிறது. அது ரீசெட்டில் அழிந்திருக்கும், கெர்னல் தன் பிரதியிலிருந்து மறுபடி நிரப்ப வேண்டும். ‘கார்டு உயிரோடு இருக்கிறது, இன்டரப்ட் மட்டும் வரவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம்.

ஹாட்பிளக் ஸ்லாட்டில் இருக்கும் கார்டு என்றால் நேராகப் பிரிட்ஜ் பிட்டைத் தட்டக்கூடாது. லிங்க் விழுந்ததைப் பார்த்து ஹாட்பிளக் டிரைவர், யாரோ கார்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்துச் சாதனத்தையே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். அதனால்தான் ஸ்லாட் ரீசெட் என்று தனி வழி. அது வருகை–லிங்க் மாற்ற அறிவிப்புகளை மறைத்துவிட்டுத் தட்டி, பிறகு திறக்கும்.

யூசர்ஸ்பேஸ் பக்கம் ஒன்று. விஎம்களை நடத்தும் நிரலான க்யூஎம்யூவில் விஎம் பூட் ஆகும்போது ஒவ்வொரு சாதனமும் தனித்தனியாக ஹாட் ரீசெட் கேட்டால், கிராபிக்ஸுக்கு ஒருமுறை, ஒலிக்கு ஒருமுறை என்று பஸ் இரண்டு முறை விழும். முதலில் எல்லாரிடமும் ரீசெட் தேவையா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு ஹாட் ரீசெட் ஆனதும் உடன் விழுந்தவர்களின் குறியையும் நீக்கிவிடுவதுதான் சரி. க்யூஎம்யூ அப்படித்தான் செய்கிறது.

விஎம்மை ‘கில் -9’ போட்டுக் கொன்றால் ரீசெட் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது கெர்னலே பார்த்துக்கொள்ள வேண்டும்: மூடும்போது பஸ் மாஸ்டரை அணைத்து, தனி ரீசெட் இயலாவிட்டால் ‘இன்னும் தேவை’ என்று குறித்து வைத்து, அந்த பஸ்ஸில் கடைசிச் சாதனமும் மூடப்பட்ட பிறகு ஒரே தட்டு.

எஸ்ஓசி (ஒரே சிப்பில் முழுக் கணினி) உலகில் இதே சிக்கலுக்கு வேறு விடை. பல ஐபி பிளாக்குகள் (சிப்பின் உள்பகுதிகள்) ஒரே ரீசெட் கம்பியைப் பகிர்ந்தால், லினக்ஸின் ரீசெட் கண்ட்ரோலர் கட்டமைப்பு எண்ணிக்கை வைத்துக்கொள்கிறது. ஒரு டிரைவர் ‘ரீசெட்டில் வை’ என்றால் அது வெறும் விண்ணப்பம். கடைசி டிரைவரும் சொன்ன பிறகுதான் கம்பி இறங்கும். அங்கே எல்லா டிரைவரும் நம்பிக்கைக்குரிய கெர்னல் நிரல்கள், தேவையும் பெரும்பாலும் மின்சாரச் சேமிப்பு. கார்டு தொங்கி நிற்கும்போது உடனே தட்ட வேண்டிய இடத்தில் எண்ணிக்கை உதவாது. இரண்டையும் ஒரே இடைமுகத்தில் திணிக்கப் பார்க்காதீர்கள்.

சோதிக்கும்போது பக்கத்து ஃபங்ஷனைச் சும்மா வைத்துச் சோதிக்க வேண்டாம். அதில் போக்குவரத்து ஓட வேண்டும், இன்னொரு திரெட் அதன் ரெஜிஸ்டரை இடைவிடாமல் படிக்க வேண்டும். ஒரு குழுவின் டிஸ்கிரிப்டரை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மறுப்பு வருகிறதா என்று பாருங்கள். ரீசெட்டுக்கு முன்னும் பின்னும் கான்ஃபிக் வெளியை எடுத்து ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஹாட் ரீசெட் மறுக்கப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது டிரைவரே இல்லாமல் கிடக்கும் ஃபங்ஷன். யாரும் பயன்படுத்தவில்லையே என்று கெர்னல் விட்டுவிடாது. அடுத்த நொடி ஒரு டிரைவர் அதில் ஒட்டிக்கொள்ளலாம். யூஎஸ்பி-சி போர்ட் உள்ள சில கிராபிக்ஸ் கார்டுகளில் .0, .1 தவிர .2, .3 என்றும் இரண்டு இருக்கும். அந்த நான்கையும் விஎஃப்ஐஓவில் கட்டும் வரை அந்தப் பஸ் விழாது.